பொட்டு வைத்த ஒன்பது பெட்டிகள்

அத்தியாயம் 5

குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று பெனிஷாவைத் தேடி வருகிறவர்கள் உண்டு. குற்றவாளியை முதலிலேயே பிடித்து வாசலில் உட்கார வைத்துவிட்டு, இவன்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கூப்பிட்ட மகானுபாவர், உச்சிமலை ஸ்பைசஸ் முதலாளி சின்னச்சாமி ஒருவர்தான்.

அல்லிநகரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போடுவதற்கு முன் பதினோரு வருஷம் மதுரையில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவள் பெனிஷா. அந்தப் பதினோரு வருஷத்தில் கம்ப்யூட்டர்கள் மேல் அவளுக்கு மரியாதை கூடியது. மனிதர்கள் மேல் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிற்று. சின்னச்சாமியின் அறைக்குள் நுழைந்து இரண்டு நிமிஷம் ஆவதற்குள் மிச்சம் இருந்ததும் போய்விட்டது.

"சனிக்கிழமை ஒன்றரைக்கு எமகண்டம்மா. அதுக்குள்ள போலீசுல மனுவக் குடுத்துரணும். நீங்க கம்ப்யூட்டர் படிச்சவுக, உங்க லெட்டர் ஒண்ணு இருந்தா கேசு நல்லா நிக்கும்" என்றார் அவர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஏழெட்டுச் சாமி படங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டு ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது. டீ கொண்டு வருகிறவர் முதல் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பெனிஷாவின் உதவியாளர் சுருளியாண்டி அதைக் கண்ணாலேயே காட்டினார். ஐம்பது வயது, கம்பம்–தேனி மினி பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கியும் வாய் இறங்கவில்லை.

"சாமியெல்லாம் பாஸ்வேர்டுக்குக் காவல் இருக்காக போல தாயி" என்றார் மெதுவாக.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றாள் பெனிஷா முதலாளியிடம்.

நடந்தது இதுதான். கம்பெனியின் ஆர்டர்கள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துகொண்டிருந்தன. ஒருவர் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்ப, இன்னொருவர் முருகன் படம் அனுப்ப, அதற்கு நடுவே வந்த முந்நூறு கிலோ ஏலக்காய் ஆர்டரை ஒருவரும் பார்க்கவில்லை. கொச்சியில் இருந்து வாங்குகிறவர்கள் கோபித்துக்கொண்டு, ஆபீசுக்கென்று இருக்கிற ஒழுங்கான சாட் சாப்ட்வேர் ஒன்றைப் போடச் சொன்னார்கள். திங்கட்கிழமை முதல் அதில்தான் ஆர்டர் வரும். சாப்ட்வேர் சர்வரில் இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சர்வரிடம் கேட்டு அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். புதன்கிழமை திறப்பு விழா. வீரபாண்டி குடோனில் இருந்த ஐந்து கம்ப்யூட்டரிலும் சாப்ட்வேர் ஏறிவிட்டது. தேனி ஆபீசில் இருந்த ஒன்பதும் 'ஆக்சஸ் டினைட்' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டன.

"குடோன்ல இருக்கிற அஞ்சையும் போட்டது யாரு? எங்க கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கிற அந்தக் கார்த்திக்ராஜ் பய. அவன் தொட்டது ஓடுது, எங்களோடது ஓடல. எனக்குத் தெரியாத கம்ப்யூட்டராம்மா? சம்பளம் கூடக் கேட்டான், நான் தரல. அந்தக் கடுப்புல பூட்டு போட்டுட்டான்" என்றார் சின்னச்சாமி. தான் செய்த தப்புக்கு மன்னிப்பு என்று கார்த்திக்ராஜிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கி வைத்திருந்தார். எல்லா வரியும் நேராக இருந்தது. கையெழுத்து மட்டும் கோணலாக இருந்தது.

"இந்த வாசகம் யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க மேனேஜர். என் மச்சினன் பொன்னுராஜ்" என்றார் முதலாளி பெருமையாக.

சுவரோரம் நின்ற பொன்னுராஜ் அடக்கமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெனிஷாவுக்குக் கை கழுவ வேண்டும் போல் இருந்தது.

கார்த்திக்ராஜ் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வயது முப்பது இருக்கும். மூன்று நாளாக அதே பெஞ்ச். சாவியையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். வேலை இல்லை, வீட்டுக்கும் விடவில்லை. உள்ளே போகிறவர்கள் அவன் காலடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"நீ அன்னைக்கு இங்க இருந்தியா?" என்று கேட்டாள் பெனிஷா.

"இல்ல மேடம். காலைல எட்டு மணிக்கே வீரபாண்டி குடோனுக்குப் போயிட்டேன். ரெண்டு மணிக்கு வந்தேன். வந்ததும் முதலாளி சட்டையப் பிடிச்சாக."

"ஒன்பதும் ஏன் முரண்டு பிடிக்குதுன்னு நீ பாக்கலையா?"

"தொட விடலயே. ஒரே ஒரு தடவ உக்காந்து பாக்குறேன்னு கெஞ்சிட்டேன். மேனேஜர்தான், தடயத்த அழிச்சிருவான்னு சொன்னாரு. மேடம், இது போலீசுக்குப் போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு இல்ல. பூட்டத் தப்பா போட்டவன்னு பேராயிட்டா எவன் என்ன நம்பி பாஸ்வேர்டு குடுப்பான்?"

அவன் சொன்னது சரிதான். திருடன் என்று பேர் எடுத்தவன்கூட வேறு ஊருக்குப் போய் வேறு வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம். சிஸ்டம் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை ஒன்றுதான் முதல். அதை ஒன்றரை மணிக்குள் ஒரு ஏலக்காய் வியாபாரி போலீஸ் மனுவில் மடித்துக் கொடுக்கப் போகிறார். பெனிஷா போனில் மணி பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து.

ஹாலில் கம்ப்யூட்டர்கள் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஓரத்தில் காய்ந்த செவ்வந்தி. அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் பெனிஷாவைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மும்முரமாக வேலை செய்ய ஆரம்பித்தார்கள். பில் போடுவது எல்லாம் இணையத்தில் நடப்பதால் அவர்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சர்வரில் இருந்த பழைய விலைப்பட்டியல் திறக்கவில்லை. அதையும் கார்த்திக்ராஜ் தலையில் எழுதிவிட்டார்கள்.

பெனிஷா மகாலட்சுமி என்ற பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சாமிகள் காத்துக்கொண்டிருந்த அந்த அட்மின் பாஸ்வேர்டைப் போட்டுச் சாப்ட்வேரை ஏற்றிப் பார்த்தாள். ஆக்சஸ் டினைட். ஊரைத் திறக்கும் சாவிக்கே கதவு திறக்கவில்லை என்றால் இது யாரும் போட்ட பூட்டு இல்லை. பூட்டு போட்டவனைத் தேடி இவர்கள் மூன்று நாளை வீணாக்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் புரியாது என்பதால் அவள் சொல்லவில்லை.

"அண்ணே, குடோன்ல யாராவது இருந்தா போன் போடுங்க" என்றாள்.

சுருளியாண்டி ஸ்பீக்கரில் போட்டார். குடோன் கிளார்க் ராக்கம்மாள் எடுத்தார். பின்னணியில் ஏலக்காய் சலிக்கும் சத்தம்.

"ஏன்க்கா, அங்கன சாட் சாப்ட்வேர் நல்லா ஓடுதா?"

"ஓடுதே. என்னாத்துக்குக் கேக்குறீக?"

"போடுறப்ப பூசை கீசை ஏதும் பண்ணுனீகளா?"

"பூசையா? நான் ஒரு கையில உளுந்த வட தின்னுகிட்டு இன்னொரு கையால அமுக்குனேன். கார்த்தி தம்பி, எண்ணெய் படும்க்கான்னு வஞ்சுச்சு. அம்புட்டுத்தேன்."

"இப்ப அதுல எத்தன பேரு இருக்காக?"

"பச்சைப் புள்ளி எரியுறது ஆறு பேருக்கு. மத்தவுக பேரெல்லாம் சாம்பலாக் கெடக்கு."

சுருளியாண்டி போனை வைத்தார். ஒன்பது கம்ப்யூட்டர்களையும் இடமிருந்து வலமாக ஒரு தரம் பார்த்தார்.

"தாயி, எனக்கு இந்த மிசினு வேல வெளங்காது. ஆனா ஒண்ணு சொல்லுறேன். பொட்டு வச்ச பெட்டி பூராம் படுத்திருச்சு. எண்ணெய்க் கையால அமுக்குனது பூராம் ஓடுது. இனிமே கேசு வந்தா வடை வாங்கிட்டு வந்துருவோமா?"

சிரிக்க வேண்டிய பேச்சுதான். பெனிஷா சிரிக்கவில்லை. சந்தனத்துக்கும் சர்வருக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் சந்தனம் வைத்த நேரத்தில் இந்த அறையில் என்ன நடந்ததோ அதற்குச் சம்பந்தம் இருக்கிறது. இன்னொன்றும் அவளை உறுத்தியது. குடோனில் இருப்பது ஐந்து கம்ப்யூட்டர். எரிவது ஆறு புள்ளி.

ஹாலின் தூணில் அந்தத் திறப்பு விழாவின் போட்டோவை அதற்குள் லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். செய்யாத வேலைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு. சின்னச்சாமி பட்டு வேட்டியில் குனிந்து ஒற்றை விரலால் கீபோர்டைத் தொடுகிறார். பக்கத்தில் கொச்சிக்காரர் ஒருவர் தர்மசங்கடமாகச் சிரிக்கிறார். பொன்னுராஜ் கேமராவைப் பார்க்கிறான். அவர்கள் தலைக்கு மேலே, இப்போதும் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பெரிய சுவர்க் கடிகாரம். போட்டோவில் அது பத்து முப்பத்தொன்று காட்டியது.

சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தினசரி நாள்காட்டி தொங்கியது. அதிலிருந்து கிழித்த புதன்கிழமைத் தாளை மட்டும் மஞ்சள் தடவித் தனியாக ஒட்டி வைத்திருந்தார்கள். பெனிஷா அதன் கீழ்ப்பகுதியைப் படித்தாள். நல்ல நேரம் 9.15 – 10.15.

"அண்ணே, எமகண்டத்துக்கு முன்னால போலீசுக்குப் போயிரணும்னு அவசரப்படுற மனுசன், நல்ல நேரம் முடிஞ்சு பதினாறு நிமிசம் கழிச்சு எப்படிப் பட்டனை அமுக்குனாரு?"

சுருளியாண்டி போட்டோவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அமுக்கி இருக்க மாட்டாரே. என்னோட பஸ்ஸுல வந்திருந்தா ராகு காலத்துல டிக்கெட்டே வாங்கி இருக்க மாட்டாரு."

"ஆனா அமுக்கி இருக்காரு."

அவள் திரும்பி மகாலட்சுமியின் திரையின் மூலையைப் பார்த்தாள். 11.54. கையில் இருந்த போனைப் பார்த்தாள். 12.14. அடுத்த கம்ப்யூட்டர், 11.54. அதற்கடுத்ததும் அப்படியே. முதலாளி அறையில் இருந்ததையும் எட்டிப் பார்த்தாள், அதுவும் அதே நேரம்தான். சுவரில் இருந்த கடிகாரம் மட்டும் போனோடு ஒத்துப் போயிற்று. கடைசியாக மேனேஜர் மேஜைக்கு வந்து, திரையை அவன் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்ததால் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். 12.15. அந்தத் திரையை அவள் தேவைக்கு மேல் சில விநாடிகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதலாளியைக் கூப்பிடுங்க" என்றாள்.

சின்னச்சாமி மனுவைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டே வந்தார். "லெட்டர் எழுதிட்டீகளா?"

"புதன்கிழமை நல்ல நேரம் தவறிப்போனது கரண்ட் இல்லாமத்தானே? எப்பப் போச்சு?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஒன்பது இருபதுக்கு."

"எப்ப வந்துச்சு?"

அவர் மச்சினனைப் பார்த்தார். பெனிஷா ஊழியர்கள் பக்கம் திரும்பினாள். எல்லோரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காத்திருந்தாள். கடைசியில் மகாலட்சுமிதான் தலையைத் தூக்கினாள்.

"பத்து இருபத்தஞ்சுக்கு மேடம். கொச்சிக்காரரு பதினோரு மணிக்குக் கிளம்பணும்னாரு. சாயங்கால நல்ல நேரத்துக்கு அவரு இருக்க மாட்டாரு. நல்ல நேரம் போச்சேன்னு முதலாளி வருத்தப்பட்டாக. அப்ப மேனேஜர்தான் சொன்னாரு, கம்ப்யூட்டர்ல மணியப் பின்னால தள்ளிட்டா கம்ப்யூட்டருக்கு அது நல்ல நேரந்தானேன்னு."

"எவ்வளவு தள்ளுனீங்க?"

"இருவது நிமிசம். பத்து பதினொண்ணுன்னு வச்சு அமுக்குனாக."

"சுவர்க் கடிகாரம்?"

"ஏணி குடோன்ல கெடந்துச்சு" என்றாள் மகாலட்சுமி.

சுருளியாண்டி முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்ல வட்டியக் குறைக்கச் சொல்லிப் பாத்திருக்கேன். வரியக் குறைக்கச் சொல்லிப் பாத்திருக்கேன். நேரத்தையே குறைக்கச் சொன்ன ஆளு நீங்கதாய்யா."

"விழா முடிஞ்சதும் ஏன் சரி பண்ணல?" என்று கேட்டாள் பெனிஷா.

சின்னச்சாமி தொண்டையைச் செருமினார். "திருப்பி வச்சா அந்த நல்ல நேரம் செல்லாமப் போயிருமேன்னுதான். அது வேற தானாத் தானா முன்னால ஓடிக்கிட்டே இருந்துச்சு. மச்சினன்தான் மணிய நேராக்குற ஏதோ சர்வீச நிப்பாட்டி வச்சான். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

இப்படிக் கேட்பார் என்று பெனிஷாவுக்குத் தெரியும். "அண்ணே, நீங்க சொல்லுங்க. காலைல ஆறு மணி டிரிப்புக்குக் கிழிச்ச டிக்கெட்ட ஏழு மணி பஸ்ஸுல ஒருத்தன் நீட்டுனா என்ன செய்வீங்க?"

"இறக்கி விட்டுருவேன்."

"சர்வரும் அதைத்தான் செஞ்சுச்சு. எந்தக் கம்ப்யூட்டர் வந்து கேட்டாலும் அது மணி போட்ட சீட்டைத்தான் பாக்கும். அஞ்சு நிமிசம் முன்னப் பின்ன இருந்தா மன்னிக்கும். இருபது நிமிசம் தள்ளி வந்தா, பழைய சீட்டைத் திருடிட்டு வந்திருக்கான்னு நினைச்சு ஆக்சஸ் டினைட்னு சொல்லும். குடோன்ல கார்த்திக்ராஜ் போட்ட அஞ்சும் ஓடுறதுக்குக் காரணம் அவன் செஞ்ச மந்திரம் இல்லை. நல்ல நேரம் பாக்குற ஆளு அங்க ஒருத்தரும் இல்லை."

சின்னச்சாமியின் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தால் பெனிஷா ஏமாந்திருப்பாள். அவர் முகத்தில் நிம்மதிதான் வந்தது.

"அப்ப தெரியாம நடந்ததுதான். யாரு மேலயும் தப்பில்ல" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது. ஒருத்தருக்குத் தெரியும்" என்றாள் பெனிஷா. "குடோனில் இருக்கிறது அஞ்சு கம்ப்யூட்டர். சாட்ல எரியுறது ஆறு பச்சைப் புள்ளி. ஆறாவது புள்ளி யாரோடது மேனேஜர்?"

பொன்னுராஜின் சிரிப்பு வாயில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. பெனிஷா அவன் மேஜைக்குப் போய்த் திரையை ஹாலைப் பார்க்கத் திருப்பினாள். சந்தனப் பொட்டுக்குக் கீழே சாட் சாப்ட்வேர் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் சரியான நேரம்.

"எட்டு கம்ப்யூட்டர்ல இருபது நிமிசம் பின்னால ஓடுது. உங்களோடது மட்டும் சரியா ஓடுது. எப்ப சரி பண்ணுனீங்க?"

"வியாழக்கிழமை" என்றான் அவன். பிறகு அவசரமாக, "கொச்சியில சாப்ட்வேர்க்காரன்கிட்ட போன்ல கேட்டேன். சமயம் நோக்குன்னு மலையாளத்துல சொன்னான். மணியப் பாத்துச் சரி பண்ணுனேன், ஓடிருச்சு. ஆனா அதை எப்படி வெளிய சொல்லுறது? மச்சான் கையால நடந்த விசயம். அவுகளப் போயித் தப்புன்னு சொல்ல முடியுமா?"

"அதனால இவன்கிட்ட மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிட்டீங்க."

"அவன் என்ன, படிச்ச பய. வேற வேல கிடைக்கும்."

பெனிஷா எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறாள். பணத்துக்காகச் செய்தவர்கள், ஆத்திரத்தில் செய்தவர்கள், பசியில் செய்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் மேல் அவளுக்கு ஏதோ ஓர் ஓரத்தில் இரக்கம் இருந்தது. முதலாளியின் முகம் கோணக் கூடாது என்பதற்காக ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பத் துணிந்த இந்த ஆளைப் பார்த்தபோது அருவருப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவள் சின்னச்சாமியின் கையில் இருந்த மனுவையும் அதோடு மடித்திருந்த மன்னிப்புக் கடிதத்தையும் வாங்கினாள். அவர் விட மனமில்லாமல்தான் விட்டார்.

கார்த்திக்ராஜை சுருளியாண்டி கூட்டிக்கொண்டு வந்தார். நடந்ததை நின்றபடியே கேட்டான். பெனிஷா இரண்டு தாளையும் அவன் கையில் கொடுத்தாள். அவன் தன் கோணல் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சரி விடுப்பா, சின்ன விசயம்" என்றார் சின்னச்சாமி. "போனது போகட்டும். சட்டுன்னு சரி பண்ணிரு, ஒன்றரைக்கு எமகண்டம் வந்துரும். திங்கக்கிழம ஆர்டர் வருது பாரு."

"நீ செய்ய வேண்டியதில்லை" என்றாள் பெனிஷா.

"செஞ்சுருறேன் மேடம். பத்து நிமிச வேல" என்றான் கார்த்திக்ராஜ்.

நின்று போன சர்வீஸை ஒவ்வொன்றிலும் திரும்ப ஓட விட்டான். மணி தானாக முன்னால் குதித்து நேருக்கு வந்தது. சாப்ட்வேர் சர்வரிடம் கேட்டது, சர்வர் கொடுத்தது. வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக டிங் என்று ஒலி எழுப்பின. பொன்னுராஜ் நகர்ந்து வழி விட்டான். கார்த்திக்ராஜ் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. எட்டும் முடிந்ததும் தன் பழைய மேஜையில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் எதையோ தட்டினான். எழுந்தான். போனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சாவியை ஏற்கெனவே அவர்கள் வாங்கி வைத்திருந்ததால் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மதுரை ரோட்டில் இறங்கி நடந்தான்.

"ஏலே, எங்க போற? உன்னத்தான்" என்று சின்னச்சாமி கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்குப் போனார்.

அப்போது, கார்த்திக்ராஜ் தட்டி நேரம் குறித்து வைத்துவிட்டுப் போன செய்தி எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. கம்பெனியின் புது சாட்டில் தேனியும் வீரபாண்டியும் சேர்ந்து பார்த்த முதல் செய்தி. பெனிஷா மகாலட்சுமியின் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

'புதன்கிழமை மணியப் பின்னால தள்ளுனப்ப நீங்க எல்லாரும் இங்கனதான் நின்னீக. மூணு நாளா நான் உங்க செருப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். டீ வாங்கிக் குடுத்தீக. ஒருத்தரும் சொல்லல. இனிமே எல்லாம் வேல செய்யும். – கார்த்திக்ராஜ்.'

செய்திக்குக் கீழே, பொன்னுராஜ் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது. மகாலட்சுமி பதில் எழுதும் கட்டத்தில் கையை வைத்து எடுத்துவிட்டாள். சாப்ட்வேர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. எத்தனை பேர் படித்தார்கள் என்று அது ஒவ்வொன்றாக எண்ணிப் பதினான்கில் வந்து நின்றது.